உடன் ஒருவர்

கேரள எல்லையில், புளியறை செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம், லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்தில், ஒரு பரோட்டாக் கடை முன்னால் நாங்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தோம். திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து ஒரு ஆம்புலன்ஸ் வரவேண்டியிருந்தது. அதில் வந்துகொண்டிருந்தது என் கணவரின் உடல் அல்ல. அவரோடு ஒரே அறையில் தங்கி வேலை பார்த்த ஆய்க்குடிக்காரரின் உடல். டிரைவர் மலையாளி, ஊருக்கு வழி தெரியாது, முன்னால் ஒரு வண்டி போகவேண்டும் என்று அந்தக் குடும்பத்து ஆண்கள் வந்திருந்தார்கள். பெண் என்று நான் மட்டும்தான். உடலோடு வரும், அவர்கள் வேலை பார்த்த இடத்து சூப்பர்வைசரிடம் ஒரு கேள்வி கேட்கப் போயிருந்தேன்.

என் வீட்டுக்காரர் எலக்ட்ரீசியன். ஆய்க்குடிக்காரர் டைல்ஸ் ஒட்டுகிறவர். தென்காசியில் ஒரு வீட்டு வேலையில் பழக்கமாகி, பிறகு இரண்டு பேரும் ஒரே காண்ட்ராக்டரிடம் சேர்ந்து அந்தமானுக்குப் போனார்கள். ஒரு சின்னத் தீவில் ஓட்டல் கட்டிக்கொண்டிருந்தார்கள். சாமான் வாங்கப் பெரிய தீவுக்குப் போய்விட்டுத் தனியார் கம்பெனி ஒன்றின் பயணிகள் படகில் திரும்புவது வழக்கம். அந்த ஐப்பசியில் ஒரு நாள் மதியம் அப்படித் திரும்பும்போது புயல்காற்றில் படகு கவிழ்ந்தது. சிலர் நீந்திப் பிழைத்தார்கள். சிலர் கரை ஒதுங்கினார்கள். சிலர் கிடைக்கவேயில்லை.

முதல் நாள் எங்களுக்கு வந்த தகவல், தென்காசிப் பக்கத்து ஆட்கள் இரண்டு பேரில் ஒருவர் உடல் கிடைத்திருக்கிறது என்பதுதான். யார் என்று தெரியவில்லை. போட்டோ அனுப்புகிறோம் என்றார்கள். ஆய்க்குடியில் அவர்கள் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். அவர் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். மடியில் இரண்டு வயதுப் பெண்குழந்தை. என் கையைப் பிடித்திருந்தாள். போட்டோ வந்தது. யாரோ ஒருவர் போனை அவள் மைத்துனரிடம் கொடுத்தார். அவர் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். அவள் கத்தினாள்.

அந்த நிமிடத்தில் என் நெஞ்சுக்குள் வந்தது சந்தோஷம். வேறு பெயர் வைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. என்னுடையவர் இல்லை, என்னுடையவர் இல்லை என்று உள்ளே யாரோ குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். பார்த்தவர்கள் அவளுக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

மூன்று நாளில் அந்தச் சந்தோஷம் எங்கே போனது என்று தெரியவில்லை. புளியறையில் ஆம்புலன்ஸ் வந்து நின்றதும் சூப்பர்வைசர் இறங்கினார். கேட்டேன். தேடுகிறார்கள் அம்மா, கடலோரக் காவல்படை தேடிக்கொண்டுதான் இருக்கிறது என்று சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் வண்டி டயரைப் பார்த்தார். கண்ணாடி வழியாக உள்ளே மரப்பெட்டி தெரிந்தது. பக்கவாட்டில் பேர், ஊர், வயது எல்லாம் மார்க்கரில் பெரிதாக எழுதியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவளுக்கு வந்து சேர்ந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

சின்னதாகத்தான் ஆரம்பித்தது. பிறகு அவளோடு என்னை ஒப்பிட்டுப் பார்ப்பது எனக்குத் தினசரி வேலையாகிப்போனது.

அவள் வீட்டில் எல்லாம் முறையாக நடந்தது. ஊரே வந்து மாலை போட்டது. மூன்றாம் நாள் சாம்பலைக் கரைக்கக் குற்றாலத்துக்கு வேனில் போனார்கள், நானும் கூடப் போனேன். மெயின் அருவியில் வெள்ளம், போலீஸ் கயிறு கட்டி யாரையும் விடவில்லை. அதனால் கீழே ஆற்றுப் பக்கம் இறங்கிக் கரைத்தார்கள். குழந்தை தண்ணீரைப் பார்த்துக் கைதட்டியது. அவள் கரையில் உட்கார்ந்து அழுதாள். அழுவதற்கு அவளுக்கு ஒரு இடம் இருந்தது, ஒரு நாள் இருந்தது, பக்கத்தில் நாலு பேர் இருந்தார்கள். நான் எப்போது அழவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அழுதால் என் மாமியார் திட்டினார். ஜோசியர் கிழக்கே உயிரோடு இருக்கிறான் என்று சொல்லியிருக்கிறார், நீ அழுது அவனைக் கொன்றுவிடாதே என்பார். பொட்டு வைத்தேன். பூ வைத்தேன். தென்காசியில் நான் ரத்தம் எடுக்கும் லேபில் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். பொட்டு வைக்காமல் வந்திருந்தால் வேறு மாதிரிப் பார்த்திருப்பார்கள்.

அவளுக்கு இறப்புச் சான்றிதழ் உடனே கிடைத்தது. வாரிசுச் சான்றிதழ் கிடைத்தது. எனக்கு எந்த ஆபீசுக்குப் போனாலும் ஒரே கேள்விதான். உடல் எங்கே? அது இல்லாமல் ஏழு வருஷம் காத்திருக்கவேண்டும் என்று ஒரு கிளார்க் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். அவளுக்குக் குழந்தை வேறு இருந்தது. எங்களுக்கு இல்லை. அந்தக் குழந்தைக்கு அப்பாவின் நெற்றி அப்படியே இருக்கிறது என்று எல்லோரும் சொல்வதைக் கேட்கும்போது நான் எழுந்து அடுப்படிப் பக்கம் போய்விடுவேன்.

ஆனால் அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது.

படகு ஏறுவதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் வாட்ஸப்பில் எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. நான் லேபில் இருக்கும்போதே கேட்டுவிட்டேன். அதில் ஆய்க்குடிக்காரரும் பேசியிருந்தார், அவர் மனைவிக்குச் சொல்லச் சொல்லி. சாயங்காலம் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று வேலையைப் பார்த்தேன். சாயங்காலத்துக்குள் படகு கவிழ்ந்த செய்தி வந்துவிட்டது.

அன்றைக்குச் சொல்லாமல் போனது தற்செயல். மறுநாள் சொல்லாதது பதற்றம். அதற்குப் பிறகு சொல்லாததற்கு அப்படி எதையும் காரணம் காட்ட முடியாது. அவள் என்னிடம் பலமுறை சொல்லி அழுதிருக்கிறாள். அன்றைக்கு அவர் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார், குழந்தையைத் தூங்கவைப்பதற்காக அவள் போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தாள். முந்தின நாள் போனில் சண்டை போட்டிருந்தார்கள். கோபத்தோடேயே போய்விட்டாரே அக்கா என்பாள். அந்தக் கோபம் இல்லை என்பதற்கான சாட்சி என் கைப்பைக்குள், போனில் இருந்தது. நான் அவள் முதுகைத் தடவிக்கொடுப்பேன். வாயைத் திறக்கமாட்டேன். அவளுக்கு உடல் வந்தது, பெட்டி வந்தது, சாம்பல் வந்தது. இந்தக் குரலாவது எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தேன். கேட்கவேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் லேபின் பின்பக்கம் போய்க் கேட்பேன். என் வீட்டுக்காரர் பேசும் இடத்தை மட்டும் கேட்டுவிட்டு ஆய்க்குடிக்காரர் பேசுவதற்கு முன்னால் நிறுத்திவிடுவேன்.

வழக்குப் போடலாம் என்று முதலில் சொன்னவள் அவள்தான். தென்காசியில் ஒரு பெண் வக்கீலைப் பிடித்தாள். கப்பல், படகு வழக்கெல்லாம் தூரத்துக் கோர்ட்டில்தான் நடக்கும் என்று நான் நினைத்திருந்தேன். வக்கீல் மேடம், டிக்கெட் வாங்கிப் பயணம் செய்தவர் நுகர்வோர், அவர் குடும்பம் குடியிருக்கும் இடத்திலேயே நுகர்வோர் கோர்ட்டில் கேட்கலாம், திருநெல்வேலியிலேயே போடலாம் என்றார். இரண்டு பேருக்கும் இரண்டு மனு, ஒன்றாகவே விசாரிக்கக் கேட்போம் என்றார். அவளுடைய பைல் தடியாக இருந்தது. பிரேதப் பரிசோதனை அறிக்கை, சான்றிதழ்கள், அடையாளம் காட்டிய காகிதம். என்னுடைய பைலில் ஆதார் நகலும் ஒரு கல்யாண போட்டோவும்.

கம்பெனியின் பதில் வந்தது. வக்கீல் மேடம் அதைத் தமிழில் எங்களுக்குச் சொன்னார். புயல் திடீரென்று வந்தது, அது கடவுள் செயல், மனிதர் யாரும் தடுத்திருக்க முடியாது, ஆகவே கம்பெனிக்குப் பொறுப்பில்லை. டிக்கெட்டின் பின்பக்கம் வானிலையால் நேரும் எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல என்று அச்சடித்திருக்கிறது. அதற்கு அடுத்தது எனக்கு மட்டும் எழுதியது. பயணிகள் பட்டியலில் என் கணவர் பெயர் இல்லை. அவர் படகில் ஏறினார் என்பதற்கும் ஆதாரம் இல்லை, இறந்தார் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

அவள் கடவுள் செயல் என்றதைக் கேட்டுத்தான் கொதித்தாள். புயலைக் கடவுள்தானே அனுப்புகிறார், இவர்களை எப்படிப் பிடிக்கமுடியும் என்று கேட்டாள். வக்கீல் மேடம் சொன்னதை இன்றைக்கும் அப்படியே சொல்லமுடியும்.

"குத்தாலத்துல வெள்ளம் வந்தா போலீஸ் கயிறு கட்டுதாவல்லா. அந்தக் கயித்தத் தூக்கிவிட்டு, நீ போய்க் குளிம்மான்னு ஒருத்தன் ஆளை உள்ள விட்டா, அடிச்சிட்டுப் போனது வெள்ளந்தான். ஆனா விட்டது யாரு? புயல் வந்ததுக்கு அவங்க பொறுப்பில்ல. வரும்னு தெரிஞ்சும் படகை எடுத்திருந்தா அதுக்கு அவங்கதான் பொறுப்பு. தெரியும்னு நாம காட்டணும்."

தெரியும் என்று எப்படிக் காட்டுவது? வானிலை எச்சரிக்கையின் நகல் கேட்டு வாங்கலாம். ஆனால் அது அன்றைக்கு ஜெட்டியில், அதாவது படகு ஏறும் துறையில், இருந்தவர்கள் காதுக்கு வந்தது என்று காட்டினால் இன்னும் பலம் என்றார். பிழைத்தவர்களைத் தேடிப் பார்த்தோம். பாதிப் பேர் கம்பெனியோடு பேசி முடித்துவிட்டார்கள், மீதிப் பேர் போனை எடுக்கவில்லை. நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கைப்பை மடியில் இருந்தது. கொடுத்தால் என் வழக்குக்கும் நல்லது என்று தெரியும். ஆனால் அதைக் கொடுத்த நிமிடம் என் கணவர் படகில் ஏறிவிடுவார். அதுவரை அவர் ஏறவில்லை என்று கம்பெனி சொல்வதை நானும் கொஞ்சம் நம்பிக்கொள்ளலாம். இப்படி ஒரு காரணத்தையும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய் இல்லை. ஆனால் முழுக்காரணம் அது இல்லை.

ஏழு மாதம் போனது. சாரல் தொடங்கி, குற்றாலத்துக்கு வண்டிகள் சாரைசாரையாகப் போகும் நாளில் ஒரு செய்தி கேள்விப்பட்டேன். இரண்டு நாளைக்கு முன்னால் கம்பெனி ஆள் ஒருவர் காரில் ஆய்க்குடிக்கு வந்து அவள் வீட்டில் ஒரு மணிநேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார். சமாதானமாக முடித்துக்கொள்ள ஒரு காகிதத்தோடு வந்திருக்கிறார். அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவளைத் தேடி வீட்டுக்கே வருகிறார்கள். என்னை ஒரு ஆளாகவே மதிக்கமாட்டேன் என்கிறார்கள். வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுவாள், குழந்தையோடு நன்றாக இருப்பாள், நான் மட்டும் திருநெல்வேலிக்கு பஸ் ஏறிக்கொண்டிருப்பேன் என்று தோன்றியது.

அன்றைக்கு மதியமே வக்கீல் ஆபீசுக்குப் போனேன். என் வழக்கைத் தனியாகப் பிரித்துவிடுங்கள், அவளை நம்பி நான் இருக்கமுடியாது, அவள் கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டாள் என்று சொன்னேன். இன்னும் மோசமாகவும் பேசினேன். அதை இங்கே எழுதவில்லை.

வக்கீல் மேடம் பேசவிட்டார். பிறகு மேசை டிராயரைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து என் முன்னால் வைத்தார். உள்ளே ஒரு டிக்கெட். கடல்தண்ணீரில் ஊறிக் காய்ந்து விறைத்துப்போனது. ஆய்க்குடிக்காரர் பெயர் இருந்தது. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. மேடம் விரலை வைத்துக் காட்டினார். உடன் ஒருவர் என்று அர்த்தம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், ஒருவர் பெயரில். கம்பெனிக்காரர்கள் இரண்டாவது ஆளின் பெயரைக் கேட்டு எழுதவே இல்லை.

உடலில் இருந்த துணிமணியை ஆஸ்பத்திரியில் மூட்டையாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், டிக்கெட் சட்டைப்பையிலேயே இருந்திருக்கிறது. அவள் அந்த மூட்டையை ஏழு மாதமாகப் பிரிக்கவில்லை. கம்பெனி ஆள் கொண்டுவந்த காகிதத்தில், தனியாகப் பயணம் செய்த இன்னார் என்று ஒரு வரி இருந்திருக்கிறது. தனியாக என்ற சொல் ஏன் என்று கேட்டிருக்கிறாள். அது வழக்கமாக எழுதுவதுதான் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவள் கையெழுத்துப் போடாமல் அவரை அனுப்பிவிட்டு, உள்ளே போய் மூட்டையைப் பிரித்துச் சட்டையை எடுத்துத் தேடியிருக்கிறாள். மறுநாள் காலையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இங்கே கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள்.

"உங்க கேசுக்குத்தாம்மா இது," என்றார் மேடம். "அவ கேசுக்கு இது தேவையே இல்ல. கையெழுத்துப் போட்டிருந்தா அவளுக்கு அன்னைக்கே முடிஞ்சிருக்கும்."

நான் அங்கே அழவில்லை. வெளியே வந்து ஆய்க்குடி பஸ்ஸில் ஏறினேன்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை பக்கத்தில் தூங்கியது. வாங்கக்கா என்று எழுந்தாள். உட்காரச் சொல்லிவிட்டு, எதுவும் விளக்காமல் போனை எடுத்து அந்தப் பதிவைப் போட்டேன். விளக்கத் தொடங்கியிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன்.

என் வீட்டுக்காரர் குரல் முதலில் வந்தது. காற்றுச் சத்தத்துக்கு நடுவில் கொஞ்சம் கத்திப் பேசியிருந்தார்.

"ஏட்டி, நாந்தான். இங்கன ஜெட்டியில நிக்கோம். கடல் சரியில்லன்னு கொடி ஏத்திட்டாவ. படகு எடுக்கக்கூடாதுன்னு மைக்குல சொல்லிக்கிட்டே இருக்காவ, கேக்குதா? இந்தப் படகுக்கார மேனேசரு, காத்து வரதுக்குள்ள போயிரலாம், ஏறுங்க ஏறுங்கன்னு எல்லாரையும் ஏத்துதாரு. ஏறப்போறோம். இவன் பயந்து சாவுதான்."

பின்னால் ஒலிபெருக்கியில் இந்தியில் யாரோ சொல்வது தெளிவாகவே கேட்டது. பிறகு சிரிப்பு. பிறகு அவளுடைய வீட்டுக்காரர்.

"பயமெல்லாம் ஒண்ணும் இல்லக்கா, இவிய சும்மா சொல்லுதாவ. யக்கா, எம்பொண்டாட்டி போனை எடுக்க மாட்டேங்கா. பிள்ளையத் தூங்க வச்சிட்டிருப்பா. எனக்குக் கோவம் ஒண்ணும் இல்லன்னு மட்டும் அவகிட்ட சொல்லிருங்க."

அவள் போனைப் பார்த்தபடியே இருந்தாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டேன். மூன்றாவது தடவை போனைத் தன் கையில் வாங்கி, காதோடு வைத்துக் கேட்டாள். வாய்விட்டு அழவில்லை. தோள் மட்டும் ஆடியது. பதிவு முடிந்ததும் என்னைப் பார்த்தாள்.

"ஏழு மாசமா வச்சிருந்தீங்களாக்கா?"

ஆமாம் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தாள். தன் போனுக்கு அதை அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். பிறகு மடித்துவைத்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், திரும்ப வெளியே வரவில்லை. அவள் மாமியார் காபி கொண்டுவந்து வைத்தார். குடிக்காமல் வந்துவிட்டேன்.

அதன்பிறகு அவள் என்னோடு பேசவில்லை. வழக்குக்கு மட்டும் வந்தாள். தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரே பஸ்ஸில் போவோம். அவள் முன்னால் உட்கார்ந்தால் நான் பின்னால். கோர்ட் வராந்தாவில் ஒரே பெஞ்சின் இரண்டு முனை. அந்தப் பதிவையும் டிக்கெட்டையும் மேடம் தாக்கல் செய்தார். என் போனைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வெட்டி ஒட்டியது இல்லை என்று அறிக்கை வந்தது.

கம்பெனி வக்கீல் என்னைக் குறுக்குவிசாரணை செய்ய அனுமதி வாங்கினார். இவ்வளவு முக்கியமான பதிவை ஏன் ஏழு மாதம் மறைத்தீர்கள் என்று கேட்பார் என்று மேடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். துக்கத்தில் இருந்தேன், என்ன செய்வது என்று தெரியவில்லை என்று சொன்னால் போதும், அது உண்மையும்தான் என்றார். நானும் அதைத்தான் சொல்லப் போனேன்.

அவர் கேட்டார். இதை நீங்களே பிறகு தயார் செய்ததால்தானே ஏழு மாதம் ஆயிற்று என்றும் சேர்த்துக் கேட்டார். நான் வாயைத் திறந்தபோது எதிரே கடைசி வரிசையில் அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. துக்கம் என்ற சொல் எனக்கு வரவில்லை.

"அவளுக்குக் குடுக்க மனசு வரல்லய்யா. அவ புருசன் உடம்பு கெடச்சுது. என் புருசன் கெடைக்கல்ல. எனக்குப் பொறாமையா இருந்துச்சு. அதனால மறைச்சு வச்சேன்."

கம்பெனி வக்கீல் பைலை மூடிவிட்டு உட்கார்ந்தார். விசாரணையை நடத்திய கோர்ட் தலைவர் தட்டச்சு செய்பவர் பக்கம் திரும்பினார். அதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னார். வெளியே வந்ததும் மேடம், இதைவிட நம்பும்படியாக யாராலும் பதில் சொல்லியிருக்க முடியாது என்று என் தோளைத் தட்டினார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். அவளுக்குப் பின்னால் நான் நின்றுகொண்டு வந்தேன். ஆலங்குளத்தில் ஒரு சீட் காலியாக, அவளுக்குப் பக்கத்து சீட்தான் அது, உட்கார்ந்தேன். பாவூர்சத்திரம் வரும்போது குழந்தை தூங்கிவிட்டது. கையெல்லாம் மரத்துப்போச்சு, பிடிங்க என்று குழந்தையை என் மடியில் சாய்த்தாள்.

தீர்ப்பு அடுத்த வருஷம் வந்தது. எச்சரிக்கை கொடுக்கப்பட்டது, அது ஜெட்டியில் இருந்த எல்லோர் காதிலும் விழுந்தது, கம்பெனியின் மேலாளர் தெரிந்தே படகை எடுக்கச் செய்தார். முன்னால் தெரிந்து ஒதுங்கியிருக்கக்கூடிய புயலைக் கடவுள் செயல் என்று சொல்லித் தப்பமுடியாது. டிக்கெட்டின் பின்பக்கம் என்ன அச்சடித்திருந்தாலும் பயணியின் உயிரைக் காக்கும் கடமை போய்விடாது. பயணிகள் எல்லோருடைய பெயரையும் எழுதவேண்டியது கம்பெனி, எழுதாமல் விட்ட குற்றத்துக்கு இறந்தவரின் குடும்பம் பொறுப்பாக முடியாது. இரண்டு பேரும் அந்தப் படகில் பயணம் செய்தார்கள், இரண்டு பேரும் அந்த விபத்தில் இறந்தார்கள்.

மேடம் அந்தக் கடைசி வரியைப் படித்தபோது நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. இவ்வளவு நாள் எதற்காக ஏங்கினேனோ அது கைக்கு வந்ததும், அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டது எத்தனை முட்டாள்தனம் என்று புரியும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. இறந்தார் என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து வாசலைப் பார்த்து நடந்தேன். அவ்வளவுதான். அவள்தான் என்னைப் பிடித்து உட்காரவைத்தாள். வீட்டுக்குப் போய் மாமியாரிடம் சொன்னேன். அவர் ஜோசியரைத் திட்டினார், பிறகு என்னைத் திட்டினார், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம்.

கம்பெனி மேல்முறையீடு செய்தது. அங்கேயும் தோற்றது. தீர்ப்பைக் காட்டி எனக்கும் சான்றிதழ் கிடைத்தது.

இந்த வருஷம் தை மாதம் அவள் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தாள். பழைய பேச்சு இல்லை, ஆனால் பேசுகிறாள். அச்சன்புதூர்க்காரர் ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். வயல் வைத்திருக்கிறார், மனைவியை இழந்தவர், குழந்தையை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார் என்றாள். ஆய்க்குடி மாமியாரே முன்னின்று செய்கிறாராம். ஆய்க்குடி முருகன் கோவிலில் வைத்து, நாலு பேரோடு.

"நீங்க வரணும்க்கா," என்றாள். "வராம இருந்துராதீங்க."

போனேன். மஞ்சள் சேலை கட்டியிருந்தாள், அவளுக்கு எடுப்பாக இருந்தது. அந்த மனிதர் அதிகம் பேசவில்லை. குழந்தை அவர் தோளிலேயே உட்கார்ந்திருந்தது, இறங்கமாட்டேன் என்றது. அட்சதை போடும்போது எனக்கு உள்ளே மறுபடியும் அந்தக் காந்தல் வந்தது. புளியறையில் வந்தது போலவே. இதற்கும் அவளுக்கும் சம்பந்தம் இல்லை என்று இப்போது தெரிகிறது. தெரிந்தாலும் வருகிறது. நன்றாக இருக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். சொல்லும்போது பாதிதான் உண்மையாக இருந்தது. அந்தப் பாதியாவது இருக்கிறதே என்று அட்சதையைப் போட்டேன்.

சாப்பாட்டுப் பந்தியில் அவளே வந்து என் இலைக்குப் பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் வைங்க என்று பரிமாறுகிறவரிடம் சொன்னாள். சோறு, சாம்பார், ரசம் எல்லாம் சாப்பிட்டேன். பாயசம் மட்டும் எனக்கு இறங்கவில்லை.